அறிக்கை கொடுத்த பிறகு என்ன? – மாற வேண்டிய நிர்வாக ஆலோசனை நிறுவனங்கள்

2015-ஆம் ஆண்டு. நான் தமிழ்ப்பள்ளியில் ஐந்தாம் ஆண்டு படித்துக்கொண்டிருந்தேன். ஷா ஆலத்தில் அப்பா வேலை செய்த தொழிற்சாலைக்கு ஆலோசகர்கள் சிலர் வந்தார்கள். எல்லாரும் இளைஞர்கள். மூன்று வாரம் ஒவ்வோர் இயந்திரத்தின் அருகிலும் நின்று நேரம் பார்த்துக் குறிப்பெடுத்தார்கள். அப்பாவிடம் ஒருவரும் ஒரு கேள்விகூடக் கேட்கவில்லையாம். நான்கு மாதம் கழித்து அவருடைய பிரிவு மூடப்பட்டது. பதினேழு ஆண்டு அங்கே உழைத்தவர் வேறு வேலை தேடினார்.

கடந்த ஆண்டு தொழிற்பயிற்சிக்கு எனக்கு இடம் கிடைத்ததும் ஷா ஆலத்தில் ஒரு சிறிய ஆலோசனை நிறுவனத்தில்தான். முதல் வாரமே அப்பா கேட்டார்: “யாரை வீட்டுக்கு அனுப்பச் சொல்லி எழுதுன?” அவர் சிரித்துக்கொண்டேதான் கேட்டார். எனக்குத்தான் சிரிப்பு வரவில்லை.

நம்மில் வணிகம், கணக்கியல், பொறியியல் படிப்பவர்களில் பலருக்கு இத்துறையில் சேரும் ஆசை உண்டு. அத்துறை எப்படி இயங்குகிறது, இன்று ஏன் தடுமாறுகிறது, எப்படி மாறலாம் என்பதை நான் பார்த்த அளவில் இங்கே பகிர்ந்துகொள்கிறேன்.

ஒரு கூம்பின் கதை

1926-ஆம் ஆண்டு சிகாகோவில் ஜேம்ஸ் மெக்கின்சி என்ற கணக்கியல் பேராசிரியர் தொடங்கிய நிறுவனம் இத்துறையின் முன்னோடிகளில் ஒன்று. பெரும்பாலான ஆலோசனை நிறுவனங்களின் அமைப்பு ஒரு கூம்பைப் போன்றது. உச்சியில் சில பங்காளிகள். அவர்கள் வாடிக்கையாளர்களைப் பிடிப்பார்கள். நடுவில் மேலாளர்கள். அடியில் நம்மைப் போன்ற புதிய பட்டதாரிகள். தகவல் திரட்டுவது, கணக்குப் போடுவது, படவில்லைகள் தயாரிப்பது இவர்கள் வேலை. ஒருவர் ஒரு நாள் உழைத்தால் இவ்வளவு என்று வாடிக்கையாளரிடம் கட்டணம் வாங்கப்படும். அடியில் இருப்பவரின் சம்பளத்துக்கும் அவர் பெயரில் வாங்கப்படும் கட்டணத்துக்கும் இடையே உள்ள வேறுபாடே இலாபம். ‘மேலேறு, இல்லையேல் வெளியேறு’ என்பது பெரிய நிறுவனங்களின் எழுதாத சட்டம்.

இந்தக் கூம்பு நிற்க இரண்டு தூண்கள் வேண்டும். தனக்குத் தெரியாதது ஆலோசகருக்குத் தெரியும் என்று வாடிக்கையாளர் நம்ப வேண்டும். எத்தனை மணி ஆனாலும் உழைக்க இளைஞர்கள் முன்வர வேண்டும். இரண்டுமே இன்று ஆட்டம் கண்டுள்ளன.

வாடிக்கையாளர் மாறிவிட்டார்

நம் நாட்டு அனுபவம் ஒன்றைப் பார்ப்போம். 2015 ஏப்ரல் 1-இல் 6 விழுக்காட்டுப் பொருள் சேவை வரி அறிமுகமானது. கிள்ளான் பள்ளத்தாக்கு முழுவதும் ஜி.எஸ்.டி. பயிற்சிகளும் ஆலோசகர்களும் பெருகினர். 2018 ஜூன் 1-இல் அந்த வரி சுழியமாக்கப்பட்டது. செப்டம்பரில் விற்பனை, சேவை வரி திரும்பி வந்தது. மூன்றே ஆண்டில் அந்த அறிவுக்குச் சந்தை இல்லாமல் போயிற்று. 2024 ஆகஸ்ட் 1 முதல், 100 மில்லியன் ரிங்கிட்டுக்கு மேல் வருவாயுள்ள நிறுவனங்களில் தொடங்கி, மின் விலைப்பட்டியல் முறை படிப்படியாகக் கட்டாயமாகி வருகிறது. மீண்டும் அதே கூட்டம், அதே பயிற்சிகள். விதிமுறையை விளக்குவதை மட்டுமே விற்பவருக்கு விதி மாறினால் கடை காலி.

அதோடு, விதிமுறையை இன்று செயற்கை நுண்ணறிவுச் செயலியே இலவசமாக விளக்கிவிடுகிறது. அதை நம்பி ஏமாந்த கதையும் உண்டு. டெலோய்ட் நிறுவனம் ஆஸ்திரேலிய அரசுக்குச் சுமார் 440,000 ஆஸ்திரேலிய டாலருக்குத் தயாரித்த அறிக்கையில், இல்லாத ஆய்வுகள் மேற்கோளாகக் காட்டப்பட்டிருந்தன. செயற்கை நுண்ணறிவு பயன்பட்டது பிறகே வெளிப்படையாகச் சொல்லப்பட்டது. 2025 அக்டோபரில் கட்டணத்தில் ஒரு பகுதியைத் திருப்பித் தர அந்நிறுவனம் ஒப்புக்கொண்டது.

என் அனுபவத்துக்கு வருகிறேன். நாங்கள் போன இடம் தாமான் ஸ்ரீ மூடாவில் ஒரு லோரி போக்குவரத்து நிறுவனம். 2021 டிசம்பர் வெள்ளத்தில் மூழ்கி எழுந்த இடம் அது. முதலாளி நம்மவர், அறுபது வயதைத் தாண்டியவர். எழுபது பக்க அறிக்கையைக் கொடுத்தோம். அவர் நேராகக் கடைசிப் பக்கத்துக்குப் போனார். “எல்லாம் சரிம்மா. நாளைக்குக் காலைல நான் என்ன செய்யணும்? அதச் சொல்லு” என்றார். அந்த ஒரு வரி எங்கள் அறிக்கையில் இல்லை.

பணியாளரும் மாறிவிட்டார்

2020-இல் நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை வந்தபோது, அலுவலகத்துக்குப் போகாமலும் வேலை நடக்கும் என்பதை எல்லாரும் கண்டுகொண்டோம். 2023 ஜனவரி 1-இல் நடப்புக்கு வந்த வேலைச் சட்டத் திருத்தம், வாராந்தர வேலை நேரத்தை 48 மணியிலிருந்து 45 மணியாகக் குறைத்தது. நெகிழ்வான வேலை ஏற்பாட்டுக்கு ஊழியர் எழுத்து மூலம் விண்ணப்பிக்கலாம். முதலாளி 60 நாளுக்குள் பதில் தர வேண்டும். மறுத்தால் காரணம் சொல்ல வேண்டும். ஆனால், மாதம் 4,000 ரிங்கிட்டுக்கு மேல் சம்பளம் வாங்குபவருக்கு மிகைநேர ஊதியத்தை இச்சட்டம் கட்டாயமாக்கவில்லை. ஆலோசனைத் துறையில் இரவு பத்து மணி விளக்குகள் அணையாததற்கு இதுவும் ஒரு காரணம்.

2024-இல் இந்தியாவின் புனே நகரில் பெரிய கணக்காய்வு நிறுவனம் ஒன்றில் சேர்ந்து நான்கே மாதமான 26 வயது இளம் பெண் இறந்தார். பணிச்சுமையே காரணம் என்று தாயார் எழுதிய கடிதம் உலகெங்கும் பேசப்பட்டது. நிறுவனம் அதை மறுத்தது. எப்படியிருந்தாலும், அதைப் படித்த எந்தப் பட்டதாரியும் சம்பளத்தை மட்டும் பார்த்துக் கையெழுத்துப் போட மாட்டார்.

என்ன செய்யலாம்?

முதலாவது, வேலை செய்பவரிடம் கேட்க வேண்டும். லோரி நிறுவனத்தில் பட்டியல்கள் தாமதமாவதால் புதிய மென்பொருளை வாங்கி, குமாஸ்தா ஒருவரைக் குறைக்கலாம் என்பதே எங்கள் முதல் யோசனை. அப்பாவின் கேள்வி நினைவுக்கு வந்ததால் அந்தக் குமாஸ்தா அக்காவின் பக்கத்தில் ஒரு நாள் முழுக்க உட்கார்ந்தேன். ஓட்டுநர்கள் டி.ஓ. தாள்களை வாரம் ஒரு முறைதான் கொண்டுவந்து கொடுக்கிறார்கள் என்று தெரிந்தது. தாமதம் அங்கே இருந்தது, அக்காவிடம் இல்லை. அன்றன்று மாலை தாளைப் படமெடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்பச் சொன்னோம். அக்கா வேலையில் இருக்கிறார்.

இரண்டாவது, கட்டண முறை மாற வேண்டும். மென்பொருள் வேண்டாம் என்று சொன்னதால் எங்கள் நிறுவனத்துக்கு வருமானம் குறைந்தது. மேலாளருக்கு அதில் வருத்தமே. நாள் கணக்கில் கட்டணம் வாங்கும்வரை, சிக்கலை விரைவில் தீர்ப்பவருக்கே நட்டம். கட்டணத்தில் ஒரு பகுதியைப் பலனோடு இணைக்கலாம். ஆனால் எது பலன் என்பதை முதலிலேயே எழுதிக்கொள்ள வேண்டும். செலவுக் குறைப்பு மட்டுமே பலன் என்றால், ஆளைக் குறைப்பதுதான் எளிய வழியாகிவிடும்.

மூன்றாவது, செயற்கை நுண்ணறிவைப் பயன்படுத்தினால் வெளிப்படையாகச் சொல்ல வேண்டும். ஒவ்வொரு தகவலையும் மனிதர் ஒருவர் சரிபார்த்துக் கையெழுத்திட வேண்டும்.

நான்காவது, இளைஞர்களைப் படவில்லைகளிலிருந்து விடுவித்துக் களத்துக்கு அனுப்ப வேண்டும். எந்திரம் செய்யும் வேலைக்கு இனி யாரும் கட்டணம் தர மாட்டார்கள். கிள்ளானிலும் ஷா ஆலத்திலும் முதலாளியிடமும் ஓட்டுநரிடமும் தமிழிலும் மலாயிலும் மனம்விட்டுப் பேசத் தெரிந்தவருக்கு மதிப்பு கூடும். தமிழ்ப்பள்ளியிலிருந்து வந்த நமக்கு இது பலம். அத்துடன், வேலைத் திட்டம் போடும்போதே 45 மணிக்குள் முடியுமா என்று கணக்கிட்டுவிட்டுத்தான் வாடிக்கையாளருக்குத் தேதி சொல்ல வேண்டும்.

கோயம்புத்தூரில் பிறந்து உலகப் புகழ்பெற்ற நிர்வாகவியல் அறிஞர் சி.கே. பிரகலாத், 2004-இல் வெங்கட் ராமசாமியுடன் எழுதிய நூலில், மதிப்பை நிறுவனம் தனியாக உருவாக்குவதில்லை, வாடிக்கையாளரோடு சேர்ந்தே உருவாக்குகிறது என்று வாதிட்டார். நிறுவனங்களுக்கு இதைச் சொல்லிக்கொடுக்கும் ஆலோசகர்கள் தாங்களும் கடைப்பிடித்தால் போதும்.

நண்பர்களே, நேர்காணலுக்குப் போகும்போது சம்பளத்தோடு இன்னொன்றையும் கேளுங்கள்: “உங்கள் அறிக்கைகளுக்குப் பிறகு அங்கே என்ன நடந்தது என்று திரும்பிப் போய்ப் பார்த்திருக்கிறீர்களா?” இத்துறையில் உயர்ந்த நிலையில் இருக்கும் முன்னாள் மாணவர்களே, அந்தக் கேள்விக்குப் பதில் தயாராக வைத்திருங்கள்.

பயிற்சி முடிந்த அன்று அப்பாவுக்குப் பதில் சொன்னேன்: “யாரையும் வீட்டுக்கு அனுப்பச் சொல்லி எழுதலப்பா.” அவர் சற்று நேரம் பேசவில்லை. பிறகு, “யார்கிட்டயாவது கேட்டியா?” என்றார். கேட்டேன் என்றேன்.