கரித்தணலும் கடைவாசல் விளக்கும்

டோக்கியோ மாநகரின் யூராக்குச்சோ புகையிரத நிலையத்தை அண்டி, தண்டவாளங்களைத் தாங்கி நிற்கும் செங்கல் வளைவுகள் உள. அந்நிலையம் திறக்கப்பட்ட 1910ஆம் ஆண்டை ஒட்டி எழுந்தவை அவை. ஜெர்மானியப் பொறியியலாளர் வகுத்துத் தந்த திட்டத்தைத் தழுவிக் கட்டப்பட்டவை. 1923ஆம் ஆண்டுப் பெரும் பூகம்பம் நகரைச் சாய்த்தபோதும், 1945இல் வானிலிருந்து நெருப்பு மாரி பொழிந்தபோதும் அவ்வளைவுகள் நின்று பிடித்தன. மேலே இரண்டொரு நிமிடத்திற்கொரு முறை ரயில் ஓடுகின்றது. கீழே, வளைவின் வயிற்றுக்குள், பத்துப் பன்னிரண்டு பேர் தோளோடு தோள் இடித்துக்கொண்டு இருக்கத்தக்க சிறு கடைகள். பின்னேரம் ஐந்து மணி கடந்ததும் அக்கடை வாசல்களிற் சிவந்த தாள் விளக்குகள் ஒளிரும். சற்று நேரத்தில் ஒழுங்கை முழுவதும் புகை மண்டும். பசியோடு வருகின்றவனுக்கு அப்புகையை விஞ்சிய விளம்பரம் வேறு வேண்டியதில்லை.

இத்தகைய கடைகளுக்கு யப்பானியர் இட்ட பெயர் 'இசக்காயா'. 'இ' என்பது இருத்தல். 'சக்காயா' என்பது மது விற்குங் கடை. மதுவை வாங்கிச் செல்லாது அவ்விடத்திலேயே இருந்து குடிக்குங் கடை என்பது பொருளாகும். இதனை நம்மூர்த் தவறணை என்று மொழிபெயர்க்கலாமோ என்றால், பாதியளவுக்கே அது பொருந்தும். தவறணையிற் குடியே அரசு. கடித்துக்கொள்ள வாங்குவது அதன் ஏவலாள். இசக்காயாவிலோ இரண்டும் சரியாசனத்தில் அமர்ந்திருக்கின்றன. குடியாதவனும் அங்கே வயிறார உண்டு மீளலாம். நான் கண்ட கடைகளில் வெறுந் தேநீரோடு இருந்தவர்களை எவரும் ஏளனமாகப் பார்த்ததில்லை.

டோக்கியோ நகரம் 'எடோ' என வழங்கிய நாளிலேயே இவ்வழக்கம் தோன்றிவிட்டது. கந்தா என்னும் பகுதியில் 1596ஆம் ஆண்டிலே தொடங்கப்பெற்றதாகக் கூறப்படும் தோஷிமாயா என்ற மதுக்கடை, சோயாக்கட்டியைக் குச்சியிற் குத்தி, மிசோக் குழம்பு பூசிச் சுட்டு, மதுவோடு சேர்த்து விற்றுப் பெயர் பெற்றது. எடோவில் அக்காலத்திற் பெண்களிலும் ஆண்கள் மிகுதி. தச்சரும் கூலியாட்களும், பிரபுக்களைப் பின்தொடர்ந்து ஊரிலிருந்து வந்து தங்கிய போர்வீரருமாக, குடும்பத்தைப் பிரிந்தவர்கள் பெருந்தொகையினர். அடுப்பு மூட்ட ஆளில்லாத அவர்களுக்கு இக்கடைகளே வீட்டுத் திண்ணையாயின. வீட்டில் விளக்கேற்றி வைத்துக் காத்திருப்பார் இல்லாதவனுக்குத் தெருவிலே ஒரு விளக்கு. இசக்காயாவின் தோற்றத்துக்கு இதனைவிட ஆழ்ந்த காரணம் ஒன்றைத் தேட வேண்டியதில்லை என்றே எனக்குத் தோன்றுகின்றது.

ஆனால் இன்று இசக்காயா என்றவுடன் நினைவுக்கு வரும் கோழிக் குச்சி அவ்வளவு பழையதன்று. 675ஆம் ஆண்டிலே தெம்மு என்னும் மன்னர், மாடு, குதிரை, நாய், குரங்கு, கோழி ஆகிய ஐந்தின் ஊனையும் ஆண்டின் ஒரு பகுதியில் உண்ணலாகாது என்று கட்டளையிட்டார். பௌத்தத்தின் செல்வாக்கால் ஊனுண்ணாமை பல நூற்றாண்டுகள் ஒரு நெறியாக நிலவிற்று. மீறியவர்களும் இருந்தார்கள் என்பது வேறு கதை. 1872இல் மெய்ஜி மன்னரே மாட்டிறைச்சி உண்டார் என்ற செய்தி வெளியானபின் பழைய தடை கரைந்தது. எனினும் கோழி விலை உயர்ந்த பொருளாகவே இருந்தது. பெரிய உணவு விடுதிகள் தசையை எடுத்துக்கொண்டு ஒதுக்கிய குடலையும் ஈரலையும் வாங்கி, குச்சியிற் கோத்து, இனிப்புஞ் சோயாவுங் கலந்த குழம்பிலே தோய்த்து, தெருவோரத் தள்ளுவண்டிகளில் வாட்டி விற்றார்கள் ஏழை வணிகர்கள். 'யாக்கித்தோரி', அதாவது சுட்ட பறவை, என்னும் உணவு இவ்வாறு எளியவர் பண்டமாகவே பரவலாயிற்று.

போர் முடிந்த ஆண்டுகளில் அதுவும் அரிதாயிற்று. எரிந்து கிடந்த நகரின் புகையிரத நிலைய முன்றில்களிலே கள்ளச் சந்தைகள் முளைத்தன. அரிசிக்கும் மாவுக்கும் பங்கீடு. கட்டுப்பாட்டுக்கு அகப்படாமல் எஞ்சியவை மாட்டினதும் பன்றியினதும் உள்ளுறுப்புகளே. ஷின்ஜுக்கு நிலையத்தின் மேற்கு வாயிலருகே இருந்த தட்டிக் கடைகள் அவற்றைக் குச்சியிற் குத்திச் சுட்டன. அக்கடைகளின் வழிவந்ததே இன்று 'ஒமோய்தே யோக்கோச்சோ', நினைவுகளின் சந்து, என வழங்கும் ஒடுங்கிய தெரு. 1999இல் ஏற்பட்ட தீயில் அதன் ஒரு பகுதி கருகியது. கருகிய பகுதியைப் பழைய ஒடுக்கத்தோடேயே திரும்பக் கட்டினார்கள். அகலப்படுத்தாமல் விட்டது நன்று. ஒடுக்கம் போனால் அத்தெருவில் வேறென்ன இருக்கின்றது? பியர் வாங்க வகையற்ற அக்காலத்தவர்க்காக 1948இல் 'ஹொப்பி' என்ற ஒரு பானம் வந்தது. பியரின் மணமும் சுவையும் உண்டு, வெறி மிகக் குறைவு. மலிவான ஷோச்சு என்னும் சாராயத்தை அதனோடு கலந்து குடித்து மனத்தை ஆற்றிக்கொண்டார்கள். இன்று பியர் வாங்க முடிந்தவர்களும் அதைக் கேட்டு வாங்குகிறார்கள்.

1960களிலே விரைவில் வளரும் இறைச்சிக் கோழிகள் பண்ணைகளிற் பெருகியபின்னரே கோழி எல்லார்க்கும் கைகூடியது. ஊருக்கு ஊர் வழக்கும் வேறுபட்டது. ஹொக்கைதோவின் முரோரானில் யாக்கித்தோரி என்று கேட்டால் பன்றியிறைச்சியும் வெண்காயமும் கடுகு விழுதோடு வரும். பெயரில் மட்டுமே பறவை. ஷிக்கோக்குத் தீவின் இமாபாரியிலோ குச்சியுமில்லை, தணலுமில்லை. கோழியை இரும்புத் தட்டிலே அழுத்திச் சுடுவார்கள். புக்குவோக்காவில் இருந்தவுடன் ஒரு தட்டுப் பச்சைக் கோவா இலையைக் காடி தெளித்து முன்னே வைப்பார்கள்.

செங்கல் வளைவின் கீழுள்ள ஒரு கடைக்கு யப்பானிய நண்பர் ஒருவர் என்னை அழைத்துச் சென்றார். வாசலில் தொங்கும் துணித்திரையை ஒதுக்கித் தலையை நுழைத்ததுதான் தாமதம், உள்ளிருந்தவர் அத்தனை பேரும் ஒருமிக்க 'இரஷ்ஷாய்மாசே' என்று வரவேற்றுக் குரலெழுப்பினர். முதன்முறை கேட்பவனுக்குச் சண்டை தொடங்கிவிட்டதோ என்று தோன்றும். அமர்ந்ததும் கைதுடைக்கச் சூடான ஈரத்துணி வந்தது. அடுத்து, நாம் கேளாமலே ஒரு சிறு கிண்ணத்திற் சமைத்த மரக்கறி வந்தது. இதனை 'ஓதோஷி' என்பர். இருக்கைக்கான கூலி இதன் விலையில் அடக்கம். வழக்கம் அறியாத அயல்நாட்டார் சிலர் இதற்காகக் கடைக்காரரோடு வாதாடுவதுண்டு. சோற்றுக்கு முன் வைத்த கறியைத் திருப்பி அனுப்புவது எந்த நாட்டிலும் அழகன்று.

அடுப்பின் பின்னால் நின்றவரை வாடிக்கையாளர் எல்லாரும் 'தாய்ஷோ' என்று அழைத்தனர். சேனாதிபதி என்பது அச்சொல்லின் பொருள். அறுபதைக் கடந்த மெலிந்த மனிதர். தலையிலே முறுக்கிய துண்டு. வாய் திறந்து பேசியது பத்து வார்த்தைக்கு மேலிராது. அவருடைய சேனை முழுவதும் ஒரு முழ நீளக் கரியடுப்பும், கையிலொரு விசிறியும், மனைவியும்.

கோழியின் உடலில் இத்தனை நாடுகள் உண்டென்று நான் அன்றுதான் கண்டேன். தொடைத் தசையோடு லீக்ஸ் போன்ற தண்டை மாற்றி மாற்றிக் கோத்தது ஒன்று. கழுத்துத் தசை ஒன்று. எலும்பை ஒட்டிய அச்சிறு தசையில் அசையும் உறுப்பின் இறுக்கம் முழுவதும் இருந்தது. இதயம், ஈரல், கல்லைப்போல் உறுதியான இரைப்பை, வால்முனைக் கொழுப்பு, மார்பின் குருத்தெலும்பு, செட்டை, கொத்திப் பிசைந்து உருட்டிய இறைச்சி உருண்டை எனத் தனித்தனியே வந்தன. தோலை மடித்து மடித்து நெருக்கிக் குத்தியிருந்தனர். கொழுப்பு உருகி வழிந்தபின் எஞ்சியது மொறுமொறுப்பு மாத்திரமே. ஒவ்வொன்றையும் கேட்கும்போது 'உப்பா, குழம்பா' என்று வினவுவார்கள். என் எண்ணத்தில் ஈரலுக்குக் குழம்பும் மற்றவற்றுக்கு உப்புமே தகும்; நண்பர் இதனை ஒப்பவில்லை.

'குச்சி குத்த மூன்றாண்டு, சுட ஓர் ஆயுள்' என்று அத்தொழிலோர் சொல்வதுண்டு. மிகையென்று நினைத்தேன். தாய்ஷோவின் கையைக் கவனித்தபின் அவ்வாறு நினைக்கவில்லை. தசையின் ஓட்டத்துக்குக் குறுக்கே குச்சி செல்லவேண்டும். அல்லாவிடிற் சூட்டிலே துண்டுகள் சுழன்றுவிடும். தணலின் நடுவே சூடு மிகுமாதலின், பெருந்துண்டு எங்கே, சிறுதுண்டு எங்கே என்பதை வெட்டும்போதே வகுத்தாக வேண்டும். கொழுப்புச் சொட்டித் தீ நாக்கு எழும்போது விசிறி ஒருமுறை அசைகிறது, தீ படுத்துவிடுகிறது.

அக்கரியும் சாதாரணக் கரியன்று. 'பிஞ்சோத்தான்' எனப்படுவது. வக்காயாமாப் பகுதியில் வளரும் உபாமே என்ற கருவாலி இனத்து மரத்தை மண்சூளையிற் பல நாள் மெல்ல வேகவிட்டு, இறுதியிலே காற்றைத் திறந்து ஆயிரம் பாகைக்கு மேலும் சூடேற்றி, செந்தணலாக வெளியே இழுத்து, ஈரமணலுஞ் சாம்பலுங் கொண்டு மூடி அணைப்பார்கள். ஒன்றோடொன்று தட்டினால் வெண்கலம்போல ஒலிக்கும். தனாபே ஊர்க் கரிவணிகர் பிச்சூயா சோசாயெமொன் என்பவரின் பெயராலேயே அது வழங்குகின்றதென்பர். சுவாலையும் புகையும் அதனிடமிருந்து பெரும்பாலும் எழுவதில்லை. தெருவை நிறைக்கும் புகை தணலில் விழுந்த கொழுப்பினது.

அடுப்பின் பக்கத்தில் ஒரு கரிய மண்சாடி இருந்தது. அதிலுள்ள குழம்பு ஒருநாளும் வற்றுவதில்லை. குறையக் குறையப் புதிதாய்க் காய்ச்சிச் சேர்ப்பார்கள். சுட்ட குச்சிகள் தோயத்தோய அவற்றின் கொழுப்பும் கரிமணமும் அதில் இறங்கிக்கொண்டேயிருக்கும். தீப்பிடித்தாற் பணப்பெட்டியை விட்டுவிட்டு இச்சாடியைத்தான் தூக்கிக்கொண்டு ஓடவேண்டும் என்று இத்தொழிலோரிடையே ஒரு பேச்சு உண்டு.

சைவ உணவினரான வாசகர்கள் இதுவரை பொறுமையோடு வாசித்திருப்பின் அவர்களுக்கும் ஒரு சொல். காளான், நீண்ட பச்சை மிளகாய், கிங்கோ மரத்துக் கொட்டை, தடித்த சோயாக்கட்டி எல்லாம் அதே தணலில் உப்போடு வாட்டித் தருவார்கள்; உப்பிட்டு அவித்த பச்சைச் சோயா அவரையும் உண்டு. ஆனால் குழம்பென்றும் சாறென்றும் எது வந்தாலும் அதிற் கருவாட்டுச் சாறு கலந்திருக்கக்கூடும் என்பதை நினைவிற் கொள்க.

கந்தோர் முடிந்து வந்தவர்களே அங்கு அதிகம். தன் கிண்ணத்தில் தானே ஊற்றிக்கொள்வது வழக்கமன்று. அடுத்தவர் கிண்ணம் வெறுமையாகாமல் பார்ப்பதே முறை. பதவி வேற்றுமை பாராட்டாத விருந்தென்று சொல்லிக்கொண்டு, மேலதிகாரியிடம் பகலிற் சொல்ல முடியாததை இங்கே சொல்லுவார்கள். மறுநாள் இருவரும் அதனை மறந்தவராய் நடப்பார்கள். கேட்க இனிமையாகவே இருக்கின்றது. ஆனால் அழைப்பை மறுக்க முடியாமல் இரவுதோறும் அதிகாரியோடு குடித்து, பிள்ளைகள் உறங்கியபின் வீடு சேர்ந்த தலைமுறையினரும் இவர்களே. இன்றைய இளைஞர் பலர் அக்கட்டாயத்தை விரும்புவதில்லை. அதற்காக அவர்களைக் குறைகூற என்னால் இயலாது. முன்னர் ஆண்களுக்கேயாயிருந்த அவ்விருக்கைகளில் இன்று பெண்கள் தனியாகவும் வந்து அமர்கிறார்கள். அன்று எனக்கு இடப்பக்கம் இருந்த பெண் ஒருத்தி, ஐந்து குச்சியும் ஒரு கிண்ணமும் முடித்துவிட்டு, எவரோடும் கதையாமல், மனநிறைவோடு எழுந்து போனாள்.

வலப்பக்கத்தில் ஒரு முதியவர். மனைவியை இழந்தவர் என்றும், கிழமையில் ஐந்து நாள் அதே நாற்காலிக்கு வருபவர் என்றும் நண்பர் மெல்லச் சொன்னார். அவர் ஒன்றும் கேட்கவில்லை. ஈரற் குச்சி இரண்டு அவர்முன் வந்தன. 2021 ஏப்ரல் மாத இறுதியில், கொள்ளைநோயின் பொருட்டு, மது பரிமாறும் கடைகளை மூடுமாறு டோக்கியோவிற் கேட்கப்பட்டது. இவரைப் போன்றோர் அந்நாட்களில் எங்கே போனார்கள் என்று கேட்டேன். அதற்கு முதியவரே விடை கூறினார். தாய்ஷோ வாசலில் ஒரு மேசையைப் போட்டு, குச்சிகளைப் பொதி செய்து விற்றாராம். இவர் நாள்தோறும் வந்து இரண்டு ஈரற்குச்சி வாங்கிக்கொண்டு போவாராம். 'வீட்டில் வைத்துத் தின்றேன், சுவை ஒன்றுதான். ஆனால் ஆறிப்போயிருந்தது' என்றார். தாய்ஷோ அதைக் கேட்டும் கேளாதவர்போலக் குச்சிகளைத் திருப்பிக்கொண்டிருந்தார்.

பெருங் கடைத்தொகுதிகளோடு இச்சிறு கடைகள் போட்டியிட வேண்டியிருக்கின்றது. ஒசாக்காப் பக்கத்தில் 1985இல் தொடங்கிய தோரிக்கிசோக்கு என்னும் நிறுவனம் எப்பண்டமும் 280 யென் என்று நெடுங்காலம் விற்றது. 2017இல் 18 யென் கூட்டியதே நாடறிந்த செய்தியாயிற்று. தாய்ஷோவின் கடையில் அவ்விலைக்கு விற்க இயலாது. அவருடைய மகன் கணினித் தொழிலில் இருக்கிறானாம். கடையை யார் ஏற்பார் என்று என் நண்பர் கேட்டபோது, தாய்ஷோ விசிறியால் அந்தக் கரிய சாடியைச் சுட்டிக்காட்டி, 'அது என்னிலும் மூத்தது' என்றார். பிறகு தணலைக் கிளறத் தொடங்கிவிட்டார்.

மேலே ரயில் ஓட, கிண்ணங்கள் சற்றே அதிர்ந்தன. ஒருவரும் நிமிர்ந்து பார்க்கவில்லை. எங்கள் முன்னிருந்த மூங்கிற்குழாயிலிருந்து வெறுங்குச்சிகளை எடுத்து அம்மையார் எண்ணினார். பதினேழு. அவற்றிற் பதினொன்று என்னுடையவை என்று நண்பர் சொல்ல, முதியவர் முதன்முறையாகச் சிரித்தார்.