தூசி படிஞ்ச காரை முதல்ல துடைக்காதீங்க

இன்னைக்கு எபிசோடில், தூசி படிஞ்ச காரை பெயின்ட்ல கீறல் விழாம எப்படிக் கழுவறதுன்னு பார்க்கலாம்.

உங்க கார் கறுப்பு இல்ல அடர் நீலம்னா, வெயில்ல நிறுத்தி பானெட்டைப் பாருங்க. சூரியன் பளிச்சுன்னு தெரியற இடத்தைச் சுத்தி சிலந்தி வலை மாதிரி மெல்லிய கோடுகள் இருக்கும். பெரும்பாலும் அது துடைச்சுத் துடைச்சு வந்தது. வெள்ளைக் காரிலும் இருக்கும், கண்ணுக்குச் சட்டுன்னு தெரியாது, அவ்வளவுதான்.

காரணம் எளிமையானது. கார் பெயின்டின் மேல் அடுக்குக்குப் பேரு க்ளியர் கோட். நிறமில்லாத, பளபளப்பு தருகிற அடுக்கு. பொதுவா 40, 50 மைக்ரான் தடிமன்தான் இருக்கும், நம்ம தலைமுடியைவிட மெல்லிசு. ரோட்டுத் தூசியில் இருக்கிற மணல் பெரும்பாலும் குவார்ட்ஸ். மோஸ் அளவுகோலில் அதன் கடினத்தன்மை 7. கண்ணாடிக்கே ஏறத்தாழ 5.5தான். அந்த மணல் மேல துணியை வெச்சு அழுத்தித் தேய்ச்சா, உப்புத்தாள் போட்ட மாதிரிதான்.

பாலிஷ் போட்டா சரியாகிடும்னு சொல்வாங்க. கோடு மறையும், உண்மைதான். ஆனா பாலிஷ், கீறலைச் சுத்தியிருக்கிற க்ளியர் கோட்டைச் சீவித்தான் சமமாக்குது. இருக்கிறதே 50 மைக்ரான். எத்தனை தடவை சீவ முடியும்?

அதனால ஒரே ஒரு விதி: துணி காரைத் தொடறதுக்கு முன்னாடி, மணல் காரை விட்டுப் போயிருக்கணும்.

எப்படின்னா, காரை நிழல்ல நிறுத்தி, பானெட் சூடு ஆறட்டும். மேலிருந்து கீழாகத் தண்ணி அடிங்க. அபார்ட்மென்ட்ல ஹோஸ் இல்லையா? செடிக்கு மருந்து அடிக்கிற கை பம்ப் ஸ்பிரேயர் போதும். அப்புறம் ரெண்டு பக்கெட் வேணும். ஒண்ணுல கார் ஷாம்பு, இன்னொண்ணுல வெறும் தண்ணி. மைக்ரோஃபைபர் துணியை ஷாம்புல நனைச்சு ஒரு பகுதியைக் கழுவுங்க. அடுத்ததுக்குப் போறதுக்கு முன்னாடி வெறும் தண்ணியில அலசுங்க. மணல் எல்லாம் அந்த பக்கெட்டோட அடியில தங்கிடும். பாத்திரம் கழுவற லிக்விட் வேண்டாம், அது வாக்ஸையும் சேர்த்து எடுத்துடும். சக்கரத்துக்குத் தனித் துணி. துணி தரையில விழுந்தா, அன்னைக்கு அதுக்கு லீவு.

கழுவின தண்ணியை அப்படியே காய விடாதீங்க. போர் தண்ணின்னா உப்புக் கறை வட்டம் வட்டமா நிக்கும். உலர்ந்த மைக்ரோஃபைபர் டவலை மேல விரிச்சு, ஒத்தி எடுங்க.

இப்போ முக்கியமான விஷயம். சென்னையில் பல அபார்ட்மென்ட்கள்ல விடியற்காலையில ஒரு அண்ணன் வந்து காரைத் துடைச்சுட்டுப் போவார். ஒரு பக்கெட், ஒரு துணி, வரிசையா பத்துப் பதினைஞ்சு கார். ஆபீஸ் டைமுக்குள்ள முடிக்கணும். பக்கத்துக் காரோட மணல் அதே துணியில நம்ம காருக்கு வரும். அப்புறம் கீறல் தெரிஞ்சா திட்டு வாங்கறது அவர். தப்பு அவர்கிட்ட இல்லை. தினமும் பளிச்சுன்னு இருக்கணும்னு கேட்டது நாமதான்.

அவர்கிட்ட இப்படிப் பேசிப் பாருங்க: “அண்ணே, தினமும் துடைக்க வேண்டாம். வாரத்துக்கு ஒரு தடவை தண்ணி அடிச்சுக் கழுவுங்க, மத்த நாள் கண்ணாடி மட்டும் போதும். சம்பளம் அதேதான்.” கூடவே ரெண்டு மைக்ரோஃபைபர் துணியும் ஒரு ஸ்பிரேயரும் வாங்கிக் கொடுங்க. பாலிஷ் செலவோட ஒப்பிட்டா இது சில்லறை.

தூசி சும்மா உக்காந்திருந்தா கீறல் விழாது, தேய்ச்சாதான் விழும். அதனால தண்ணி இல்லாத நாள்ல காரை அழுக்காவே விட்டுடுங்க. பறவை எச்சம் மட்டும் விதிவிலக்கு, அது பெயின்டை அரிக்கும். ஈர டிஷ்யூவைக் கொஞ்ச நேரம் மேல போட்டு, ஊறினதும் தேய்க்காம எடுத்துடுங்க.

அடுத்த எபிசோடில் சந்திப்போம்.