இடித்த பிறகு எங்கே போவது?

நியூயார்க்கின் மல்பெரி தெருவும் மும்பையின் தாராவியும் உலகின் இரு கோடிகளில் இருப்பவை. ஆனால் இரண்டையும் நிரப்பியவர்கள் ஒரே ரகம்: பிழைப்புக்காக ஊரை விட்டு வந்தவர்கள். 1845-ல் தொடங்கிய உருளைக்கிழங்குப் பஞ்சம் பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட ஐரிஷ்காரர்களைக் கப்பலேற்றியது. அதே நூற்றாண்டின் இறுதியில், தோல் பதனிடும் தொழில் நெல்லைச் சீமைக்காரர்களைத் தாராவிக்கு அழைத்து வந்தது.

வந்தவர்களை ஊர் விரும்பவில்லை. அமெரிக்காவில் 1850-களில் அந்நியர் எதிர்ப்பையே கொள்கையாகக் கொண்ட கட்சி வளர்ந்தது; 1882-ல் சீனத் தொழிலாளர்கள் நுழையவே சட்டம் தடை போட்டது. பம்பாயில் 1966-ல் பிறந்த சிவசேனையின் முதல் இலக்கு தென்னிந்தியர்கள்.

வெறுப்பு இருந்த இடத்திலேயே சீர்திருத்தமும் முளைத்தது. 1889-ல் ஜேன் ஆடம்ஸ் தன் தோழியுடன் சிகாகோவின் குடியேறிகள் பகுதியில் 'ஹல் ஹவுஸ்' என்ற இல்லத்தைத் தொடங்கி அங்கேயே குடியிருந்தார். மழலையர் பள்ளி, மாலை வகுப்பு, பொதுக் குளியலறை என்று விரிந்த அந்தப் பணி, குழந்தைத் தொழிலுக்கு எதிரான சட்டம் வரை போனது. அதே சிகாகோவில் படித்த பாதிரியார் கிளிஃபர்ட் மேன்ஷர்ட், 1920-களில் பம்பாயின் நாக்பாடாவில் அதே பாணியில் ஓர் இல்லத்தை அமைத்தார். 1936-ல் அவர் தலைமையில் தொடங்கிய சமூகப்பணிப் பள்ளிதான் இன்றைய டாடா சமூக அறிவியல் நிறுவனம். 1954 முதல் அதன் முகவரி, செம்பூரை அடுத்த தேவ்னார்.

ஆனால் சீர்திருத்தத்துக்கு இன்னொரு முகமும் உண்டு. டென்மார்க்கிலிருந்து குடியேறிய பத்திரிகையாளர் ஜேக்கப் ரீஸ், 1890-ல் வெளியிட்ட நூலில் நியூயார்க் சேரிகளைப் படம்பிடித்துக் காட்டினார். விளைவு, மல்பெரி தெரு வளைவின் குடியிருப்புகள் தரைமட்டம். 1897-ல் அங்கே பூங்கா. இடித்தவர்கள் அங்கிருந்தவர்களுக்கு மாற்று வீடு கட்டித் தரவில்லை.

பம்பாயிலும் அதே கதைதான். 1896-ன் பிளேக்குக்குப் பிறகு, 1898-ல் நகர மேம்பாட்டு டிரஸ்ட் பிறந்தது. நெரிசலான குடியிருப்புகள் இடிந்தன. தாதர், மாதுங்காவில் அகலத் தெருக்களும் தோட்டங்களும் எழுந்தன. அங்கே தென்னிந்திய நடுத்தர வர்க்கம் வேரூன்றியது. 1932-ல் தென்னிந்தியக் கல்விச் சங்கமும் கண்டது. இடிபட்ட ஏழைகளுக்கோ அந்த வாடகை கட்டுப்படியாகவில்லை. பலர் பக்கத்து நெரிசலுக்குள்ளேயே போய் ஒண்டினார்கள்.

இப்போது தாராவியின் முறை. 2022 நவம்பரில் மறுசீரமைப்பு ஏலத்தில் அதானி குழுமம் வென்றது. அரசுத் திட்டப்படி, 2000 ஜனவரி 1-க்கு முன்பிருந்தே தரைத்தளத்தில் வசிப்பவர்களுக்கு தாராவியிலேயே இலவச வீடு. பிறகு வந்தவர்களுக்கும் மாடிக் குடித்தனக்காரர்களுக்கும் தாராவிக்கு வெளியே, பணம் கட்டி. தாராவியில் வீடு என்பது பட்டறையும்தான். விடியுமுன் இட்லி அவித்துச் சைக்கிளில் அனுப்பும் குடும்பத்துக்குப் பல மைல் தள்ளிக் கிடைக்கும் வீடு, பிழைப்பைப் பறிக்கும் வீடு.

மாற்று இடங்களில் ஒன்றாக 2024-ல் மாநில அரசு ஒதுக்கியது, தேவ்னார் குப்பைமேட்டின் ஒரு பகுதியை. ஏழைகளோடு சேர்ந்து வாழ்வதே சீர்திருத்தம் என்ற சிகாகோ பாடம் வந்து தங்கியதும் அதே தேவ்னாரில்தான்.