உண்ணாத இரவுக்குப் பின்னும் சர்க்கரை ஏறுவது ஏன்?

“இரவில் இரண்டு இட்லிதான் சாப்பிட்டார். காலையில் வெறும் வயிற்றில் சோதித்தால் சர்க்கரை 180 காட்டுகிறது. எங்களுக்குத் தெரியாமல் எதையேனும் சாப்பிடுகிறாரோ?” நோயாளியை அழைத்துவரும் உறவினர்கள் தயக்கத்துடன் கேட்கும் கேள்வி இது. பல நேரங்களில் நோயாளி மீது தவறு இருப்பதில்லை. அந்தச் சர்க்கரை அவருடைய கல்லீரலிலிருந்தே வந்திருக்கும்.

ஒரே செய்தி, பல வேலைகள்

ஹார்மோன்கள் இரத்தத்தின் வழியே உடலெங்கும் செல்லும் செய்திகள். ஒரு ஹார்மோனுக்குரிய ‘ஏற்பி’ எனும் புரதம் எந்தத் திசுவில் உள்ளதோ, அந்தத் திசுவே அச்செய்தியைப் பெற்றுக்கொள்ளும். பெற்ற பின் ஒவ்வொரு திசுவும் தனக்குரிய வேலையைச் செய்யும்.

உணவுக்குப் பின் கணையம் இன்சுலினைச் சுரக்கிறது. தசையிலும் கொழுப்புத் திசுவிலும் உள்ள ஏற்பிகளில் இன்சுலின் இணைந்ததும், அவை இரத்தத்திலுள்ள குளுக்கோஸை உள்ளே எடுத்துக்கொள்கின்றன. கல்லீரலிலோ, “குளுக்கோஸைச் சேமித்து வை, வெளியே விடாதே” என்பதே அதன் செய்தி.

நாம் உறங்கும்போதும் மூளைக்குக் குளுக்கோஸ் தேவை. அதனால் இரவில் கணையம் சுரக்கும் குளுக்ககான் என்ற ஹார்மோன், கல்லீரலிலுள்ள தன் ஏற்பிகளின் வழியே, சேமிப்பைச் சிறிது சிறிதாக இரத்தத்தில் விடச் செய்கிறது. இன்சுலின் அதனை அளவோடு நிறுத்துகிறது.

இரண்டாம் வகை நீரிழிவில் ஏற்பிகள் இருக்கின்றன; இன்சுலினும் வந்து சேர்கிறது; ஆனால் செய்தி உயிரணுவுக்குள் முழுமையாகச் சென்றடைவதில்லை. ஆகவே இரத்தத்தில் சர்க்கரை மிகுந்திருந்தும் கல்லீரல் மேலும் மேலும் வெளியிடுகிறது. விடியற்காலையில் மிகும் கார்ட்டிசால் போன்ற ஹார்மோன்களும் இதற்குத் துணை போகின்றன. மெட்ஃபார்மின் மாத்திரை முதன்மையாகக் கல்லீரலின் இந்த மிகை வெளியீட்டையே குறைக்கிறது. மருத்துவரைக் கேளாமல் அதை நிறுத்துதல் கூடாது.

மலைப்பாதை தரும் உதவி

தசைக்கு இன்னொரு வழியும் உண்டு. உழைக்கும் தசை, இன்சுலினின் செய்திக்குக் காத்திராமலே குளுக்கோஸை உள்ளிழுக்கும். கொடைக்கானல் ஏரிக்கரையிலிருந்து பேருந்து நிலையம் நோக்கி ஏறி நடக்கும்போது தொடைத் தசைகள் செய்வது இதுவே. நடந்து முடித்த பின்னும் பல மணி நேரம் அவை இன்சுலினுக்கு நன்கு செவிசாய்க்கும். உணவுக்குப் பின் நடப்பது சிறந்த பலன் தரும்.

ஆனால் இன்சுலின் ஊசியோ, கணையத்தைத் தூண்டும் மாத்திரையோ எடுப்பவருக்கு இதே ஏற்றம் சர்க்கரையை மிகவும் தாழ்த்திவிடக்கூடும். மருந்து எடுத்துவிட்டு உண்ணாமல், வத்தலக்குண்டு மலைச்சாலையில் பேருந்தில் நெடுநேரம் காத்திருக்க நேர்ந்தாலும் அவ்வாறே.

குளிரில் வியர்த்தால்

சர்க்கரை தாழும்போது உடல் அட்ரினலினைச் சுரக்கிறது. இதயத்திலுள்ள ஏற்பிகள் அதைப் பெற்றுப் படபடப்பை உண்டாக்கும்; கைகள் நடுங்கும்; வியர்க்கும். இரத்த அழுத்தத்துக்கும் இதய நோய்க்கும் தரப்படும் ‘பீட்டா தடுப்பான்’ மாத்திரைகள் இவ்வேற்பிகளை அடைத்துவிடுவதால், அவற்றை உண்பவருக்குப் படபடப்பும் நடுக்கமும் தெரியாமல் போகலாம். வியர்வை மட்டும் பெரும்பாலும் மறைவதில்லை. சுமார் 2,100 மீட்டர் உயரத்திலுள்ள இக்குளிரில், வேலை ஏதுமின்றி அமர்ந்திருப்பவருக்கு வியர்த்தால் உடனே சர்க்கரையைச் சோதியுங்கள்.

அளவு 70-க்குக் கீழ் இருந்தாலோ, சோதிக்கும் கருவி கையில் இல்லாவிட்டாலோ, மூன்று தேக்கரண்டி சர்க்கரையை நீரில் கரைத்துக் கொடுங்கள். 15 நிமிடம் கழித்து மீண்டும் பாருங்கள். இன்னும் குறைவாக இருந்தால் மறுமுறையும் கொடுங்கள். சரியானதும் உணவு கொடுங்கள். நினைவிழந்தவர் வாயில் எதையும் ஊற்றாமல், ஒருக்களித்துப் படுக்கவைத்து 108-ஐ அழையுங்கள்.

அடுத்த முறை வரும்போது, வெறும் வயிற்றிலும் உணவுக்கு இரண்டு மணி நேரம் கழித்தும் எடுத்த அளவுகளை நாள்வாரியாக எழுதிக் கொண்டுவாருங்கள். காலை அளவு மட்டும் மிகுந்திருந்தால், கல்லீரலைக் கருத்தில் கொண்டு மருந்தையோ அதன் நேரத்தையோ மருத்துவர் மாற்றியமைப்பார். அதுவரை, வீட்டில் அவர் உண்ட தட்டைச் சந்தேகிக்க வேண்டா.