சுவருக்குள் மறையும் வேலை: குழாய், வெந்நீர்த் தொழிலின் நாணயம்

தச்சர் செய்த கதவை நாம் நாள்தோறும் காண்கிறோம்; கொல்லர் செய்த பூட்டைக் கையால் திருப்பிப் பார்க்கிறோம். குழாய் வேலையோ முடிந்த சில நாட்களிலேயே சுவருக்குள் மறைந்துவிடுகிறது. செம்மையாகச் செய்த வேலையும் அரைகுறையாகச் செய்த வேலையும் பூச்சுக்குப் பின்னே ஒன்றுபோலவே தோன்றும். வேற்றுமை வெளிப்பட ஆண்டுகள் பல ஆகலாம். ஆகவே குழாய் அமைத்தல், வெந்நீர்க் கலன் பொருத்துதல் ஆகிய தொழில்களில் ஈடுபடுவோருக்கு முதற்பெரும் மூலதனம் நாணயமே. பெங்களூர் நகரை எடுத்துக்காட்டாகக் கொண்டு இதனைச் சற்று ஆராய்வோம்.

பெங்களூர் கடல் மட்டத்திலிருந்து ஏறக்குறைய 900 மீட்டர் உயரத்தில் அமைந்துள்ளது. மார்கழி, தை மாதங்களின் விடியற்காலையில் குளிர் மிகுதி; வெந்நீர் அங்கே அன்றாடத் தேவை. ஆனால் பேராறு எதுவும் நகரை ஒட்டி ஓடவில்லை. 1896-இல் ஹெசரகட்டாவிலிருந்தும், 1930-களில் திப்பகொண்டனஹள்ளியிலிருந்தும், 1974-இல் காவிரியிலிருந்தும் குடிநீர் கொண்டுவரப்பட்டது. காவிரி நீர் சுமார் 100 கிலோமீட்டர் தொலைவு கடந்து, ஏறத்தாழ 500 மீட்டர் உயரம் ஏற்றப்பட்டு வீடுகளை அடைகிறது. 2024 அக்டோபரில் அத்திட்டத்தின் ஐந்தாம் கட்டமும் தொடங்கப்பெற்றது. எனினும் ஆழ்துளைக் கிணற்றை நம்பியிருக்கும் குடும்பங்கள் பல.

தொழில் நடத்துவோர் வீட்டுக்காரரிடம் முதலில் கேட்க வேண்டிய கேள்வி, "இவ்வீட்டுக்கு எந்த நீர் வருகிறது?" என்பதாகும். ஆழ்துளைக் கிணற்று நீர் பல இடங்களில் உப்பு மிகுந்த கடின நீர். அதனைச் சூடாக்கும்போது சுண்ணாம்பு போன்ற படிவு குழாய்களின் உட்புறத்திலும் கீசரின் கம்பிச் சுருளிலும் படிகிறது. படிவு தடித்தால் மின்சாரச் செலவு ஏறும். நாளடைவில் கலனும் பழுதாகும். இதனை விற்பனைக்கு முன்பே எடுத்துரைத்து, ஏற்ற கலனைப் பரிந்துரைப்பவரை வீட்டுக்காரர் மறப்பதில்லை.

இனி, சூரிய வெப்பத்தால் நீரைச் சூடாக்கும் கலன்களைப் பார்ப்போம். 100 லிட்டர் நீரை 20 பாகையிலிருந்து 60 பாகை செல்ஷியஸ் வரை சூடாக்க ஏறத்தாழ நாலரை யூனிட்டுக்குமேல் மின்சாரம் வேண்டும். வெயிலுள்ள நாட்களில் அச்செலவு மிச்சமாகிறது. கர்நாடக அரசு 2007-இல், குறிப்பிட்ட அளவுக்கு மேற்பட்ட கட்டடங்களில் இக்கலன்களை அமைப்பது கட்டாயம் என ஆணை பிறப்பித்தது. வீட்டு மாடிகளில் காணும் இக்கலன்கள் பலவற்றில் பம்பு கிடையாது. சூடான நீர் இலேசாகி மேலே தொட்டிக்கு ஏறுகிறது. குளிர்ந்த நீர் கனத்துக் கீழே வருகிறது. இவ்வோட்டம் தடையின்றி நடைபெறத் தொட்டி, வெயிலேற்கும் பலகையைவிட உயரத்தில் இருத்தல் வேண்டும். பலகை தெற்கு நோக்கியிருத்தல் வேண்டும். பக்கத்துக் கட்டடமோ தென்னையோ நிழல் விழச் செய்தால் விலையுயர்ந்த கலனும் பயன்படாது. மாடி ஏறிப் பாராமல் விலை கூறுபவர் பின்னர் குறைகேட்கவே மாடி ஏற நேரிடும்.

குழாயின் நீளமும் கவனத்துக்குரியது. உள்விட்டம் 20 மில்லிமீட்டர் கொண்ட குழாய் 20 மீட்டர் நீளம் ஓடினால் அதனுள் ஆறு லிட்டருக்குமேல் நீர் நிற்கும். காலையில் வெந்நீர் வருமுன் அவ்வளவும் வீணாகத் திறந்துவிடப்படுகிறது. 2024-ஆம் ஆண்டுக் கோடையில் பெங்களூர் கடும் தட்டுப்பாட்டுக்கு உள்ளாகி, நீரைக் குறைக்கும் சாதனங்களைப் பெரிய கட்டடங்களின் குழாய்களில் பொருத்துமாறு குடிநீர் வாரியம் ஆணையிட்டது. தொட்டியைக் குளியலறைக்கு அருகாக அமைத்து, குழாய்க்கு வெப்பக் காப்பு உறை போடும் தொழிலாளி அந்த நகருக்கும் தொண்டு செய்கிறார்.

இவ்வளவு அறிவும் பயன்படுவது பூச்சு வேலைக்கு முன்புதான். வெந்நீர் வழியில் குளிர்நீருக்குரிய சாதாரண பி.வி.சி. குழாயைப் போட்டால் அது சூட்டில் நெகிழ்ந்துவிடும், சி.பி.வி.சி. போன்ற, வெப்பம் தாங்கும் குழாயே ஏற்றது. எல்லா இணைப்புகளும் முடிந்தபின் குழாயில் நீர் நிரப்பி, கைப்பம்பினால் வழக்கமான அழுத்தத்தைப்போல் ஒன்றரை மடங்கு ஏற்றி, மானியின் முள் இறங்காமல் நிற்கிறதா என வீட்டுக்காரர் முன்னிலையில் சோதித்தல் நலம். குழாய் செல்லும் பாதையை ஒரு தாளில் வரைந்து அவரிடம் கொடுத்துவிட்டால், பிற்காலத்தில் ஆணி அடிப்பவருக்கும் அது உதவும்.

பணவிஷயத்திலும் இதே ஒழுங்கு வேண்டும். இத்தொழிலில் சாமான்களுக்கு முதலில் செலவிட நேர்கிறது. வரவு பின்னரே கிட்டுகிறது. ஆதலால் பொருளின் விலையும் கூலியும் தனித்தனியே குறித்த மதிப்பீட்டை எழுத்தில் கொடுத்து, முன்பணம், சோதனைக்குப் பின் ஒரு தவணை, முடிவில் மீதி எனப் பெறுவது இருதரப்புக்கும் நன்று. கடைப்பணமும் குடும்பப்பணமும் ஒரே பையில் இருத்தல் ஆகாது. ஒரு வேலையில் மூவாயிரம் ரூபாய் இலாபம் என்று கொள்வோம். ஓர் இணைப்பு கசிந்து, ஓடு பெயர்த்து, கொத்தனாரையும் அழைத்துச் சரிசெய்ய நேர்ந்தால் இலாபம் முழுதும் அதிலேயே கரையும். மட்டமான இணைப்புப் பொருளால் மிச்சமானது நூறு ரூபாய்கூட இராது.

வேலை முடிந்தபின் தொடரும் உறவும் வருமானம் தருவதே. எஃகுத் தொட்டிகள் பலவற்றின் உள்ளே ஒரு மக்னீசியக் கம்பி இருக்கும். தொட்டி அரிக்கப்படாதபடி அது தானே அரிபட்டுத் தேயும். தேய்ந்தபின் மாற்றாவிடில் அடுத்து அரிபடுவது தொட்டி. எந்த வீட்டில் எப்போது எதைப் பொருத்தினோம் என்று குறிப்பேட்டில் எழுதி வைத்திருப்பவர் உரிய காலத்தில் சென்று கம்பியை மாற்றலாம், படிவையும் நீக்கலாம். அவ்வீட்டாரே அண்டை அயலாருக்கு அவர் பெயரைக் கூறுவர்.

வீட்டுக்காரர்களுக்கும் ஒரு கடமை உண்டு. மிகக் குறைந்த தொகை கேட்பவரை உடனே அமர்த்துமுன், என்ன குழாய், என்ன சோதனை, பழுதானால் யார் பொறுப்பு என்று கேட்டறிய வேண்டும். ஆண்டுக்கணக்கில் சிறுகச் சிறுகச் சேர்த்த பணம் வீடாகிறது. அதன் சுவருக்குள் இருப்பது யாருடைய கைவேலை என்று தெரிந்திருப்பது அக்குடும்பத்துக்குப் பெரும் நிம்மதி.