நீலகிரி நீரோடையில் ஒரு விருந்தாளி மீன்

நற்செய்தி நூல்களில் மீன்பிடிப்பு பலமுறை பேசப்படுகிறது. அவற்றில் பெரும்பாலும் வலையே வரும். தூண்டில் வருவதோ ஒரேயொரு முறைதான். ஆலய வரி செலுத்தும் பொருட்டுக் கடலில் தூண்டில் போடுமாறு ஆண்டவர் புனித இராயப்பரைப் பணிக்கிறார் (மத். 17:27). வலை பலருடைய உழைப்பு. தூண்டிலோ தனியொருவனின் பொறுமை.

வைத்திக்குப்பத்திலும் வீராம்பட்டினத்திலும் வலை உலர்வதைப் பார்த்து வளர்ந்த புதுவைவாசிகளுக்குத் தூண்டிற் கலையின் நுட்பம் அவ்வளவாகத் தெரியாது. கோடையில் உதகைக்குச் செல்லும் நம் குடும்பங்கள், அங்குள்ள குளிர்ந்த ஓடைகளில் வாழும் ரெயின்போ டிரவுட் மீனைப் பற்றி அறிந்துகொள்வது நலம்.

எங்கிருந்து வந்தது?

இம்மீன் நம் நாட்டது அன்று. வட அமெரிக்காவின் பசிபிக் கரையோர ஆறுகளும் இரஷ்யாவின் கம்சட்கா பகுதியுமே இதன் தாயகம். உடலெங்கும் கரும்புள்ளிகள், விலாவில் செவ்விள நிறப் பட்டை ஒன்று ஒளிரும். அதனாலேயே வானவில்லின் பெயரைப் பெற்றது.

நீலகிரியின் மேட்டுநில ஓடைகளில் தூண்டிலிடத்தக்க பெரிய மீன்கள் குறைவு. எனவே அங்கு குடியேறிய ஆங்கிலேயர் தம் பொழுதுபோக்குக்காக டிரவுட்டைக் கொண்டுவர விழைந்தனர். இந்திய மீன்களைப் பற்றிப் பெருநூல் எழுதிய மருத்துவர் பிரான்சிஸ் டே 1863இல் முயன்றார், பலிக்கவில்லை. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் எச். சி. வில்சன் என்பவரின் விடாமுயற்சியே வெற்றி தந்தது. 1907இல் அவலாஞ்சியில் மீன்குஞ்சு பொரிப்பகம் அமைந்தது.

ஏன் இவ்வளவு பாடு? குளிர்ந்த நீரில்தான் உயிர்க்காற்று மிகுதியாகக் கரைந்திருக்கும். டிரவுட்டுக்கு அது இன்றியமையாதது. 10 முதல் 18 பாகை வரையுள்ள வெப்பநிலை அதற்கு இதமானது. 25 பாகையைத் தாண்டினால் பிழைப்பது அரிது. பொரிப்பகத்தில் தாய்மீனின் வயிற்றை மெல்ல நீவி முட்டைகளை எடுத்து, ஆண்மீனின் விந்துடன் கலந்து, ஓடும் நீரில் வைத்துக் காப்பார்கள். நீரின் வெப்பம் 10 பாகையாக இருப்பின், பொரிக்க ஏறத்தாழ ஒரு மாதம் ஆகும்.

பிடிக்கும் முறை

டிரவுட் நீரோட்டத்தை எதிர்நோக்கியே நிற்கும். மேலிருந்து மிதந்து வரும் பூச்சிகளை உண்ணும். பாறைக்குப் பின்னால் நீர் தணிந்தோடும் இடமே அதன் இருப்பிடம். ஆகவே தூண்டிற்காரர் ஓடையின் கீழ்ப்புறமிருந்து, நிழல் நீரில் விழாதபடி, அரவமின்றி அணுகுவார். இறகையும் நூலையும் முள்ளில் கட்டிச் செய்த பொய்ப்பூச்சியை, உண்மைப் பூச்சி அமர்வதுபோல் நீரின்மேல் விழச் செய்வார். அவசரக்காரனுக்கு இங்கே இடமில்லை.

பிடித்த மீனைத் திரும்ப விடுபவர் முதலில் தம் கைகளை நனைத்துக்கொள்வார். உலர்ந்த கை பட்டால், மீனின் மேனியைக் காக்கும் வழவழப்பான படலம் நீங்கிவிடும்.

விருந்தாளியால் எழும் வினா

மனிதன் தன் இன்பத்திற்காக இடம்பெயர்த்த உயிர் எல்லாவிடத்திலும் நன்மையே செய்வதில்லை. உலகின் மிகக் கேடு தரும் 100 அயல் உயிரினங்களின் பட்டியலில் ரெயின்போ டிரவுட்டும் இடம்பெற்றிருக்கிறது. புதிய ஓடைகளில் விடப்படும்போது, அங்குள்ள சிறுமீன்களையும் தவளைக் குஞ்சுகளையும் அது இரையாக்கிக்கொள்கிறது. மீன்மீது குற்றமில்லை, அது தன் இயல்பின்படி வாழ்கிறது. எல்லையை வகுத்துக் காக்க வேண்டியவன் அதைக் கொண்டுவந்த மனிதனே.

எல்லையின் அருமையை நம் கடலோர மக்கள் அறிவார்கள். ஆண்டுதோறும் ஏப்ரல் 15 முதல் 61 நாள்கள் விசைப்படகுகள் கரையில் நிற்கின்றன. வருமானமின்றி அக்குடும்பங்கள் படும் துன்பம் பெரிது. எனினும் மீன்கள் இனம் பெருக வேண்டும் என்பதற்காகவே இத்தடை. வயிற்றுப்பாட்டுக்காக மீன்பிடிப்பவருக்கே இத்தனை கட்டுப்பாடு என்றால், விளையாட்டுக்காகத் தூண்டிலிடுவோர் எவ்வளவு கட்டுப்பாட்டுடன் நடக்க வேண்டும்!

ஏதேன் தோட்டத்தைப் பண்படுத்தவும் பாதுகாக்கவுமே இறைவன் மனிதனை அங்கு வைத்தார் (தொடக். 2:15). 2015இல் திருத்தந்தை பிரான்சிஸ் வெளியிட்ட 'லவுதாத்தோ சி' சுற்றுமடலும் இவ்வுண்மையையே வலியுறுத்துகிறது.

ஆகவே மலைக்குச் செல்லும் பெற்றோர், வனத்துறை, மீன்வளத்துறை விதிகளை முன்னரே கேட்டறிந்து நடப்பார்களாக. அனுமதியின்றித் தூண்டிலிடுவதும், ஓரிடத்து மீனை வேறோர் ஓடையில் விடுவதும் தவறென்று பிள்ளைகளுக்கு எடுத்துச் சொல்வார்களாக. தெளிந்த நீரில் எதிர்நீச்சலிட்டு நிற்கும் அம்மீனைக் கரையிலிருந்தே கண்டு இறைவனைப் போற்றுவதும் ஒரு நல்ல செபமே.