முட்டி டாக்டர் அனுப்பிவைத்த ஆபரேஷன்

அறுபதைத் தாண்டியவர்கள் எடைக்குறைப்பு அறுவை சிகிச்சை நிபுணரைத் தேடி நேராகப் போவது குறைவு. யாராவது அனுப்பித்தான் போகிறார்கள். அனுப்புபவர் பெரும்பாலும் எலும்பு டாக்டர். எக்ஸ்ரேயை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு, "ரெண்டு முட்டியும் தேஞ்சு போச்சும்மா, மாத்தணும். ஆனா இந்த வெயிட்டோட வேணாம், குறைச்சிட்டு வாங்க" என்கிறார். நடக்க முடியாமல் வந்தவரிடம் நடந்து எடையைக் குறைத்துவிட்டு வா என்றால் அவர் என்னதான் செய்வார்? அங்கேதான் பலருடைய காதில் 'பேரியாட்ரிக்' என்ற எடைக்குறைப்பு ஆபரேஷன் பேச்சு முதன்முதலாக விழுகிறது.

வீட்டுக்கு வந்து சொன்னால் எழும் எதிர்ப்பு எல்லாக் குடும்பத்திலும் ஒன்றேதான்: "இந்த வயசுல எதுக்கு?" அடுத்து குழப்பம். பைபாஸ் என்றதும் நெஞ்சைப் பிளக்கும் ஆபரேஷன் என்று நினைத்துக் கோயிலுக்கு நேர்ந்துகொள்கிற அத்தைமார் உண்டு. கொழுப்பைக் குழாய் வைத்து உறிஞ்சி எடுப்பார்கள் என்று நினைப்பவர்களும் உண்டு. இரண்டும் இல்லை. கைவைப்பது இரைப்பையிலும் சிறுகுடலிலும். வயிற்றில் நாலைந்து சிறு துளைகள் போட்டு, கேமரா வழியாகப் பார்த்துச் செய்வார்கள். தொப்பையில் இருக்கும் கொழுப்பை யாரும் தொடுவதில்லை.

இந்த யோசனை பிறந்ததே ஒரு தொல்லையிலிருந்துதான். அல்சருக்காக இரைப்பையின் ஒரு பகுதி வெட்டி எடுக்கப்பட்டவர்கள் மெலிந்து போனார்கள்; மறுபடி எடை போட முடியாமல் தவித்தார்கள். அமெரிக்காவின் அயோவா பல்கலைக்கழகத்தில் இருந்த எட்வர்ட் மேசன் இதைக் கவனித்து, 1966-இல் உடல் பருமனுக்காகவே இரைப்பை பைபாஸைச் செய்யத் தொடங்கினார். இன்று இந்தியாவில் அதிகம் நடப்பது 'ஸ்லீவ்'. இரைப்பையில் முக்கால் பங்குக்கும் மேல் வெட்டி எடுத்துவிட்டு, வாழைப்பழ அளவில் ஒரு குழாயை மட்டும் விட்டுவைப்பார்கள். பசியைக் கிளப்பும் கிரெலின் என்ற ஹார்மோன் பெருமளவு சுரப்பது வெட்டி எடுக்கும் பகுதியில்தான். அதனால் இடம் மட்டுமல்ல, பசியும் குறைகிறது. வெட்டியதைத் திரும்ப ஒட்டவைக்க வழியில்லை என்பதையும் இங்கேயே சொல்லிவிட வேண்டும். பைபாஸில் இரைப்பையின் மேற்பகுதியை ஏறத்தாழ 30 மில்லி கொள்ளும் சிறு பையாகப் பிரித்து, சிறுகுடலோடு நேராக இணைத்துவிடுவார்கள். நெஞ்செரிச்சல் கடுமையாக உள்ளவருக்கு ஸ்லீவ் அதை இன்னும் கிளப்பிவிடக்கூடும். அப்படிப்பட்டவருக்குப் பைபாஸ் பக்கம் போவார்கள்.

பலன் உண்டா? உண்டு. ஒன்று ஒன்றரை ஆண்டில் உடல் எடையில் கால் பங்கு குறைவது சாதாரணம். சுவீடனில் 1987-இல் தொடங்கிப் பல்லாண்டுகள் நடந்த ஆய்வில், அறுவை சிகிச்சை செய்துகொண்ட பருமனானவர்கள் செய்துகொள்ளாதவர்களைவிடச் சராசரியாக மூன்றாண்டு அதிகம் வாழ்வதாக 2020-இல் கணக்கிட்டார்கள். ஆனால் அந்த ஆய்வில் சேர்ந்தபோது அவர்களுடைய வயது 37 முதல் 60 வரை. அதை அப்படியே 68 வயதுக்காரருக்குப் பொருத்திப் பேசுவது விளம்பரம், மருத்துவம் ஆகாது.

முட்டிக்காரர்களுக்குப் பொருத்தமான இன்னொரு ஆய்வு ஆஸ்திரேலியாவின் மெல்போர்னில் நடந்து 2022-இல் வெளியானது. முட்டி மாற்றக் காத்திருந்த, பருமனான 82 பேரில் பாதிப் பேருக்கு முதலில் இரைப்பையைச் சுற்றிப் பட்டை போடும் பழைய முறையைச் செய்தார்கள். அந்த 41 பேரில் 12 பேர், வலி தணிந்துவிட்டது, இனி முட்டி ஆபரேஷன் வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். எலும்பு டாக்டர் சொன்ன 'குறைச்சிட்டு வாங்க'வுக்கு இப்படியும் ஒரு முடிவு வரலாம்.

சர்க்கரை விஷயத்தில் எதிர்பார்ப்பைக் கொஞ்சம் அடக்கிக்கொள்வது நல்லது. சுகர் வந்து நாலைந்து வருடம் ஆன, மாத்திரையில் இருப்பவருக்கு மாத்திரையே தேவைப்படாமல் போகலாம். இருபது வருடமாக இன்சுலின் போடுகிறவருக்கு அளவு குறையும். அறவே நிற்கும் என்று யாராவது உறுதி கொடுத்தால் அந்த அறையை விட்டு எழுந்துவிடலாம்.

சரி, யாருக்குச் செய்யலாம்? 155 சென்டிமீட்டர் உயரம், 90 கிலோ எடை, 62 வயது உள்ள ஓர் அம்மாவை எடுத்துக்கொள்வோம். எடையை உயரத்தோடு பொருத்திப் பார்க்கும் பி.எம்.ஐ. 37.5. பி.எம்.ஐ. 35-ஐத் தாண்டினாலே வேறு நோய் இல்லாவிட்டாலும் பரிந்துரைக்கலாம் என்று இந்த அறுவை சிகிச்சைத் துறையின் அமெரிக்கச் சங்கமும் சர்வதேசக் கூட்டமைப்பும் 2022-இல் சேர்ந்து சொல்லிவிட்டன. ஆசிய உடல்வாகுக்கு இந்த எல்லைகள் இன்னும் கீழே, 27.5-இலேயே யோசிக்கத் தொடங்கலாம் என்கின்றன. வயதுக்கு மேல் வரம்பு கிடையாது என்பதும் அதே வழிகாட்டலில் இருக்கிறது. பார்க்கச் சொல்வது உடல் தளர்ச்சியை. ஒரு காலத்தில் அறுபதோடு கதவைச் சாத்திக்கொண்ட துறை இது.

இந்தக் கட்டுரையில் ஒன்றை மட்டும்தான் அழுத்திச் சொல்ல வேண்டுமென்றால், நான் தசையைச் சொல்வேன். எடை குறையும்போது கொழுப்பு மட்டும் கரைவதில்லை. போகிற எடையில் கால் பங்கு வரை தசையாக இருக்கலாம். முப்பது வயதுக்காரர் அதை ஈடுகட்டிவிடுவார். அறுபத்தைந்து வயதில் இழந்த தொடைத் தசையைத் திரும்பப் பெறுவது பெரும்பாடு. நம்மவர்களுக்கு ஏற்கெனவே கொழுப்பு அதிகம், தசை கம்மி. இருபத்தைந்து கிலோ குறைந்தும் மேற்கத்திய கழிப்பறையிலிருந்து கைப்பிடி இல்லாமல் எழ முடியாதவர் என்றால், அந்த ஆபரேஷன் எதற்காகச் செய்யப்பட்டது?

ஆகவே தராசில் ஏறும் முன் நாற்காலியில் உட்கார வேண்டும். கையை மார்பில் கட்டிக்கொண்டு ஐந்து முறை எழுந்து உட்கார 12 விநாடியோ அதற்கு மேலோ ஆனால் தசை பலவீனமாக இருக்கலாம் என்கிறது ஆசிய நாடுகளுக்கான 2019 அளவுகோல். கைப்பிடி வலு ஆணுக்கு 28 கிலோவுக்கும் பெண்ணுக்கு 18 கிலோவுக்கும் குறைந்தால் அதுவும் ஓர் எச்சரிக்கை. முட்டி வலியுள்ளவர் நாற்காலித் தேர்வில் தோற்பது வலியாலும் இருக்கலாம் என்பதால் கைப்பிடியையும் சேர்த்துப் பார்ப்பார்கள். வலுக் குறைவாக இருந்தால் தேதியைத் தள்ளிப்போட்டு, இரண்டு மூன்று மாதம் பிசியோதெரபிஸ்ட்டிடம் போய் உட்கார்ந்தபடியே செய்யும் பயிற்சி, ரப்பர் பட்டைப் பயிற்சி என்று தசையை ஏற்றிக்கொண்டு வரலாம். தேதியைத் தள்ளச் சொல்கிற மருத்துவர்மீது எனக்கு மரியாதை கூடுகிறது.

மற்ற பரிசோதனைகளில் இதயம், ரத்தம், தைராய்டு எல்லாம் எல்லா ஆபரேஷனுக்கும் உள்ளவைதான். இதற்கென்றே உள்ளவை சில. குறட்டை விடுகிறவருக்குத் தூக்கப் பரிசோதனை. தூக்கத்தில் மூச்சு நின்று நின்று வருவது தெரிந்தால், சி-பாப் கருவியைச் சில வாரம் முகத்தில் மாட்டிப் பழகிவிட்டுத்தான் மயக்க மருந்து. எண்டோஸ்கோபி. பித்தப்பைக் கல் இருக்கிறதா என்று ஸ்கேன், ஏனென்றால் வேகமாக எடை குறையும்போது கல் புதிதாகவும் உருவாகும். எலும்பு அடர்த்தி. பல்லை யாரும் நினைப்பதில்லை. ஆபரேஷனுக்குப் பிறகு ஒவ்வொரு வாயையும் கூழாகும்வரை மெல்ல வேண்டும். கடைவாய்ப் பற்கள் போன நிலையில் அது நடக்காது. பல்செட் கட்டுவதானால் முன்பே கட்டிக்கொள்ள வேண்டும்.

மனநல ஆலோசகரிடம் அனுப்பினால் முக்கால்வாசிப் பேருக்குக் கோபம் வருகிறது, எனக்கென்ன பைத்தியமா என்று. அவர் கேட்பதெல்லாம் நடுராத்திரியில் எழுந்து மிக்சர் டப்பாவைத் திறப்பீர்களா, மனம் கஷ்டப்பட்டால் சாப்பிடுவீர்களா, மது உண்டா, வீட்டில் யார் துணை என்பதுதான். மது பழக்கம் உள்ள ஆண்கள் அங்கே உண்மையைச் சொல்லிவிட வேண்டும். பைபாஸுக்குப் பிறகு மது சட்டென்று தலைக்கு ஏறும்.

ஆபரேஷனுக்கு முந்தைய இரண்டு வாரம் கலோரியை நன்றாகக் குறைத்த உணவு. அது எடை குறைக்க அல்ல. கொழுப்பேறி வீங்கிய கல்லீரல் இரைப்பையின் மேல் கவிழ்ந்து கிடக்கும். அது சுருங்கினால்தான் மருத்துவருக்கு வழி கிடைக்கும். அந்த இரண்டு வாரத்தில் பழைய அளவிலேயே சுகர் மாத்திரையையும் இன்சுலினையும் போட்டால் சர்க்கரை தாழ்ந்து மயக்கம் வரும். இன்னொன்று: இப்போது ஊரெல்லாம் எழுதப்படும் டபாக்ளிஃப்ளோசின் வகை மாத்திரைகளைக் குறைந்தது மூன்று நாள் முன்பே நிறுத்த வேண்டும். இல்லாவிட்டால், சர்க்கரை அளவு சாதாரணமாகக் காட்டும்போதே ரத்தத்தில் அமிலம் ஏறுகிற ஆபத்து இருக்கிறது. எடை குறைக்க ஊசி போட்டுக்கொண்டிருந்தால் மயக்க மருந்து டாக்டரிடம் சொல்லியாக வேண்டும். அந்த ஊசி இரைப்பை காலியாவதைத் தாமதப்படுத்தும். மாத்திரை அட்டைகளை எல்லாம் ஒரு பையில் போட்டு எடுத்துப்போவதுதான் பத்திரம். புகைப்பவர் ஆறு வாரத்துக்கு முன்பே நிறுத்தியிருக்க வேண்டும்.

சமையலறைக்கு வருவோம். நம் வீடுகளில் ஆபரேஷன் செய்துகொள்ளப்போகும் அந்த அம்மாதான் சமையல்காரரும். தான் தெளிந்த ரசத்தையும் வடிகட்டிய பருப்புத் தண்ணீரையும் மோரையும் ஸ்பூன் ஸ்பூனாகக் குடித்துக்கொண்டு, மற்றவர்களுக்குப் புளிக்குழம்பு தாளிக்க வேண்டும் என்று எதிர்பார்ப்பது கொடுமை. கையெழுத்துப் போடும் முன் வீட்டில் பேசி முடிக்க வேண்டியது, ஒன்றரை மாதத்துக்கு அடுப்படி யாருடையது என்பதைத்தான். நீராகாரத்திலிருந்து மசித்த உணவு, அதிலிருந்து குழைந்த உணவு, பிறகே சாதாரணச் சாப்பாடு என்று ஏற அவ்வளவு நாள் ஆகும். சாப்பாட்டோடு தண்ணீர் கிடையாது. அரை மணி இடைவெளி வேண்டும். நாள் முழுக்கச் சிறு மிடறாக ஒன்றரை லிட்டருக்குக் குறையாமல் குடித்தாக வேண்டும். சஷ்டி, ஏகாதசி என்று தண்ணீர்கூடக் குடிக்காமல் இருப்பவர்கள் அதை விட்டுவிட வேண்டியதுதான்.

அப்புறம் புரதம். ஒரு நாளைக்குக் குறைந்தது 60 கிராம். ஓர் இட்லியில் இருப்பது சுமார் 2 கிராம், முட்டையில் 6. பாதி இட்லியிலேயே வயிறு நிறைந்துவிடுகிறவர் இட்லியை நம்பிக் கணக்கை முடிக்க முடியாது. தட்டில் மீனோ முட்டையோ பனீரோ பாசிப்பருப்போ முதலில், சோறு இடமிருந்தால். ஆரம்ப மாதங்களில் புரதப் பொடியும் வேண்டியிருக்கும். சைவக் குடும்பத்துப் பெரியவர்கள் அதை ஜிம் பையன்களின் சமாசாரம் என்று ஒதுக்குகிறார்கள். தசையைக் காப்பாற்ற அவர்களுக்குத்தான் அது அதிகம் தேவை. பி12, இரும்பு, கால்சியம், வைட்டமின் டி சத்து மருந்துகள் ஆயுளுக்கும் தொடரும். மூன்றாம் மாதம் முடி கொட்டும். பெரும்பாலும் திரும்ப வளரும்.

ஆபரேஷனுக்குப் பிறகு வயதானவர் விழுவதற்குப் பிரஷர் மாத்திரையும் ஒரு காரணமாகலாம். எடை குறையக் குறைய ரத்த அழுத்தமும் இறங்கும். பழைய அளவு மாத்திரையையே போட்டுக்கொண்டு ராத்திரி பாத்ரூமுக்கு எழுந்தால் தலை சுற்றும். எலும்பும் மெலிந்துகொண்டிருக்கும் நேரம் அது. அதனால் முதல் சில வாரங்கள் வீட்டிலேயே பிரஷர் பார்த்துக் குறித்துவைத்து மருத்துவரிடம் காட்ட வேண்டும். பைபாஸ் செய்துகொண்டவர்கள் முட்டிவலிக்கு மருந்துக்கடையில் கேட்டு வாங்குகிற வலி மாத்திரைகளை அதன்பின் தொடக்கூடாது. இணைப்பு போட்ட இடத்தில் புண் வரக்கூடும். முட்டிக்காகவே இந்த வழிக்கு வந்தவர், வலிக்கு வேறு என்ன எடுத்துக்கொள்வது என்பதை முன்பே கேட்டு வைத்துக்கொள்வது அவசியம்.

ஆபத்தை மறைக்க வேண்டாம். பெரிய மையங்களில் இறப்பு அரிது. அமெரிக்காவில் பத்து மருத்துவமனைகள் சேர்ந்து நடத்தி 2009-இல் வெளியிட்ட ஆய்வில், முப்பது நாளுக்குள் இறந்தவர்கள் ஆயிரத்தில் மூவர். வயது ஏற ஏற அது கூடும். தையல் கோட்டில் கசிவு, காலில் ரத்தம் உறைந்து நுரையீரலுக்குப் போவது, இவைதான் பெரிய பயங்கள். ஆபரேஷன் அன்றைக்கே எழுப்பி நடக்க வைப்பது ரத்தம் உறையாமல் தடுக்கத்தான். 2024-இல் சென்னைப் புறநகரில் ஒரு தனியார் மருத்துவமனையில் இந்தச் சிகிச்சைக்குப் போன புதுச்சேரி இளைஞர் ஒருவர் இறந்தது செய்தித்தாள்களில் வந்தது. அவருக்கு வயது அறுபதல்ல, முப்பதுகூட ஆகவில்லை. வயதை மட்டும் கேட்கும் குடும்பங்கள், அங்கே முழு வசதியுள்ள தீவிர சிகிச்சைப் பிரிவு இருக்கிறதா, அறுபதுக்கு மேற்பட்டவர்களுக்கு எத்தனை செய்திருக்கிறார்கள், ஒரு வருடம் கழித்து வந்தால் பார்க்கும் உணவியல் நிபுணர் யார் என்றும் கேட்க வேண்டும்.

செலவு சில லட்சங்கள். காப்பீடு உண்டு, ஆனால் காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையமான ஐ.ஆர்.டி.ஏ.ஐ. வகுத்த நிபந்தனைப்படி பி.எம்.ஐ. குறைந்தது 40 இருக்க வேண்டும்; அல்லது 35-க்கு மேல் இருந்து இதய நோய், கடுமையான தூக்க மூச்சுத்தடை, கட்டுக்குள் வராத சர்க்கரை போன்றவை இருக்க வேண்டும். நம் 37.5 அம்மாவுக்கு முட்டி வலி மட்டும்தான் என்றால் பணம் கிடைப்பது சந்தேகம். தூக்கப் பரிசோதனை அறிக்கைக்கு மருத்துவக் காரணத்தோடு இப்படி ஒரு காரணமும் உண்டு.

2025-இல் டிர்செபடைடும் செமாக்ளுடைடும் எடைக்கான ஊசிகளாக இந்தியாவில் விற்பனைக்கு வந்தபின், கத்தி எதற்கு என்ற கேள்வி நியாயமாகவே எழுகிறது. ஊசியை நிறுத்தினால் எடை திரும்புகிறது. தசை அதிலும் போகிறது. எழுபத்திரண்டு வயது, பி.எம்.ஐ. 29, தானே கடைக்குப் போய் வருகிறார் என்றால் ஊசியும் வேண்டாம், கத்தியும் வேண்டாம் என்று சொல்லும் மருத்துவர்கள் இருக்கிறார்கள். அவருக்கும் அந்த நாற்காலிப் பயிற்சியும், காலையில் இட்லியோடு ஒரு முட்டையும், குறட்டைக்கு ஒரு தூக்கப் பரிசோதனையும் வேண்டியிருக்கும். அதற்குச் சில லட்சங்கள் ஆகாது.